டேப்பில் பார்த்த ஸ்கேனை நம்பலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். குறுவை நடவு சமயத்தில் வரப்பில் வழுக்கி, மதகுச் சுவரில் தலையை இடித்துக்கொண்டார். காயம் பெரிதாக இல்லை என்று விட்டுவிட்டோம். மூன்று வாரம் கழித்துத் தலைவலி வந்தது, பேச்சு குழறியது, இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். ஊரில் பார்க்கும் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரவு பத்து மணிக்கு ஸ்கேன் சென்டரில் தலைக்கு சி.டி. எடுத்தோம். “டாக்டர் வெளியூரில் இருக்கிறார், டேப்பில் (டேப்லெட் கணினியில்) பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார்” என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் ரிப்போர்ட் வந்தது. மூளையின் வலது பக்கம் ரத்தம் தேங்கியிருக்கிறது, உடனே தஞ்சாவூர் கொண்டு போங்கள் என்று இருந்தது. இதற்குள் துபாயில் இருக்கும் தம்பி, ஃபிலிமைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டினான். அவர் “ரத்தம் எதுவும் தெரியவில்லையே” என்று சொல்லிவிட்டார். கிளம்புவதா வேண்டாமா என்று வீட்டுக்குள் ஒரு மணி நேரம் தகராறு. கடைசியில் கிளம்பினோம். தஞ்சாவூரில் மறுபடியும் ஸ்கேன் எடுத்து ஆபரேஷன் செய்தார்கள். அப்பா இப்போது நடமாடுகிறார். ஆனால் மறுநாள் சென்டரிலிருந்து வந்த இறுதி ரிப்போர்ட்டில், இடது பக்கமும் மெல்லிய கசிவு இருப்பதாகப் போட்டிருந்தார்கள். முதல் ரிப்போர்ட்டில் அது இல்லை. சின்னத் திரையில் மூளையைப் பார்த்துச் சொல்வதை நம்பலாமா? அடுத்த முறை நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உங்கள் கடிதத்தோடு வந்த இரண்டு ரிப்போர்ட்டுகளையும் படித்தேன். ஃபிலிம் போட்டோக்களும் வந்தன. அவற்றை வைத்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். அன்றிரவு டேப்பில் பார்த்துக் கொடுத்த ரிப்போர்ட் சரியான ரிப்போர்ட். அதை நம்பிக் கிளம்பியதுதான் அப்பாவைக் காப்பாற்றியது. உங்களைக் குழப்பியது டேப் இல்லை, வாட்ஸ்அப் போட்டோ. இரண்டையும் ‘சின்னத் திரையில் பார்த்தது’ என்று ஒரே கணக்கில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தலையை சி.டி. எடுக்கும்போது இயந்திரம் மூளையைக் குறுக்குவாட்டில் துண்டு துண்டாகப் படம் பிடிக்கிறது. ஒவ்வொரு துண்டும் 512க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசு 30, 40 என்று இருக்கும். புதிதாகக் கசிந்த ரத்தம் 50 முதல் 70 வரை. எலும்பு பல நூறுகளுக்கு மேல் போகும். சி.டி.யை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் இந்த அளவு வழங்குகிறது. 1971இல் முதல் நோயாளிக்கு எடுத்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான்.

இத்தனை எண்களையும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் கண்ணுக்குப் பிரித்துப் பார்க்க வராது. அதனால் பார்க்கிற டாக்டர் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து விரித்துப் பார்ப்பார். இதை ‘விண்டோ’ என்போம். மூளைக்கு ஒரு விண்டோ, எலும்புக்கு ஒன்று, எலும்பை ஒட்டிய மெல்லிய ரத்தத்துக்கு இன்னொன்று. சென்டரிலிருந்து டேப்புக்குப் போனது இந்த எண்கள் முழுவதும் அடங்கிய மூலப்படம். ‘டைகாம்’ என்று பெயர். எல்லா ஸ்கேன் இயந்திரங்களும் பேசும் பொது வடிவம் அது. டாக்டர் திரையில் விரலை வைத்துப் பக்கவாட்டில் இழுத்தால் விண்டோ குறுகும், விரியும். மேலும் கீழும் இழுத்தால் வெளிச்சம் மாறும். ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நான், ஒரு தலையைப் பார்க்க மூன்று நான்கு விண்டோவாவது மாற்றாமல் இருப்பதில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் தலைக்கு வருவோம். விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூளையின் உறைக்கு அடியில் கசியும் ரத்தம், முதல் சில நாட்கள் மூளையைவிட வெள்ளையாகத் தெரியும். நாளாக நாளாக அந்த எண் இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் மூளையின் எண்ணும் ரத்தத்தின் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். நாற்றோடு நாற்றாக நிற்கும் குதிரைவாலிப் புல்லைப் பழகிய கண்தான் கண்டுபிடிக்கும் இல்லையா, அந்த மாதிரி ஒரு கட்டம் இது. அப்போது ரத்தத்தை நிறத்தை வைத்துத் தேட முடியாது. மூளையின் மடிப்புகள் மண்டை ஓடு வரை வந்து தொடுகின்றனவா, அல்லது கொஞ்சம் முன்பே நின்றுவிடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மூளையின் இரண்டு பாதிகளையும் பிரிக்கும் நடுக்கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விண்டோவைக் குறுக்கி, மிகச் சிறிய நிற வித்தியாசத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். உங்கள் முதல் ரிப்போர்ட்டில் ‘வலது பக்கம் 11 மி.மீ. தடிமன், நடுக்கோடு 6 மி.மீ. தள்ளியிருக்கிறது’ என்று இருக்கிறது. இதை எழுதியவர் இத்தனையும் செய்திருக்கிறார்.

தம்பி காட்டிய டாக்டர் கையில் என்ன இருந்தது? ஒரு ஃபிலிமில் இருபது படங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அச்சாகும்போதே ஒரே விண்டோவில் பூட்டப்பட்டவை. அதை யாரோ டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து போட்டோ எடுக்க, வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்கி அனுப்பியது. அந்தப் படத்தில் விரலை இழுத்தால் படம் நகரும், அவ்வளவுதான். எண்கள் எதுவும் அதில் இல்லை. அவர் கெட்டிக்கார டாக்டராகவே இருக்கலாம். தெரியாத இடத்தில் ‘தெரியவில்லை’ என்றார். அதை நீங்கள் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டீர்கள். தம்பியைக் கடிந்துகொள்ளாதீர்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அப்பாவுக்காகச் செய்ய வேறு என்ன இருக்கிறது? அடுத்த முறை தம்பி, ரிப்போர்ட் எழுதிய டாக்டரோடு போனில் பேசட்டும், அல்லது சென்டரிடம் மூலப்படத்துக்கான இணைப்பைக் கேட்டு வாங்கி அதைக் காட்டட்டும்.

சரி, டேப் திரை இதற்குப் போதுமா? சி.டி.க்கும் எம்.ஆர்.ஐ.க்கும் தாராளமாகப் போதும். 2010இல் வந்த முதல் ஐபேடிலேயே 1024க்கு 768 புள்ளிகள் இருந்தன. 2012இல் வந்ததில் 2048க்கு 1536. சி.டி. துண்டோ 512தான், ஒரு புள்ளிகூட விடாமல் திரையில் அடங்கிவிடும். அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ., 2011 பிப்ரவரியில் ஐபோனிலும் ஐபேடிலும் சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் ஒரு செயலிக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது. அதிலேயே ஒரு நிபந்தனையும் வைத்தது: ஆஸ்பத்திரியில் இருக்கும் முழு அளவு மானிட்டர் கைக்கெட்டாத நேரத்தில் மட்டும். அந்த நிபந்தனை எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது.

புள்ளிகளைவிட வெளிச்சம்தான் பெரிய சிக்கல். நாங்கள் பயன்படுத்தும் மானிட்டர் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலாவாவது வெளிச்சம் தர வேண்டும் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரியின் பரிந்துரை. நல்ல டேப் 400, 500 வரை தரும். ஆனால் சுற்றிலும் இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்ப டேப் தானாகவே திரையை மங்கலாக்கிக்கொள்ளும். இரவானால் திரையை மஞ்சளாக்கும் வசதி வேறு. கண்ணாடியில் விரல் ரேகை படியும், மேலே இருக்கும் விளக்கு பிரதிபலிக்கும். இதையெல்லாம் அணைத்து, துடைத்து, அறையை இருட்டாக்கி உட்கார்ந்து பார்ப்பவரின் ரிப்போர்ட்டும், பஸ் ஸ்டாண்டு டீக்கடை வெயிலில் நின்று பார்ப்பவரின் ரிப்போர்ட்டும் ஒன்றாகாது. டேப் ஒன்றுதான், இடம்தான் வேறு. ‘டேப்பில் பார்த்தீர்களா’ என்று கேட்பதைவிட ‘உட்கார்ந்து பார்த்தீர்களா டாக்டர்’ என்று கேட்பது பொருத்தமான கேள்வி. கேட்டால் நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

டேப்பில் பார்க்கவே கூடாதவையும் இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு எடுக்கும் மேமோகிராமில் உப்புத்தூள் அளவு சுண்ணாம்புப் படிவைத் தேட வேண்டும். அதற்கென்று 5 மெகாபிக்சல் மானிட்டர் உண்டு, அதில்தான் பார்க்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயும் சி.டி. மாதிரி இல்லை. ஒரே படத்தில் இரண்டாயிரம் புள்ளிகளுக்கு மேல் அகலம் இருக்கும். டேப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஓரம் ஓரமாக நகர்த்திப் பார்க்காவிட்டால், நுரையீரலைச் சுற்றி மெல்லிதாகக் காற்று கசிந்திருப்பதும், விலா எலும்பில் மயிரிழை விரிசலும் தப்பிவிடும். அல்ட்ராசவுண்டை இந்தக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதில் கருவியைப் பிடித்திருக்கும் கைதான் பார்க்கிறது, கருவை ஸ்கேன் செய்வதற்கோ, ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் தனியாக இருக்கின்றன.

இனி அந்த இடது பக்கக் கசிவு. இது உங்கள் மனதை உறுத்துகிறது என்பது எழுத்திலேயே தெரிகிறது.

ஒரு சி.டி. துண்டு சுமார் அரை எம்.பி. இருக்கும். தலையை 5 மி.மீ. தடிமனில் முப்பது துண்டாக அனுப்பினால் 15 எம்.பி. அதே தலையை ஒரு மி.மீ.க்கும் குறைவான மெல்லிய துண்டுகளாக அனுப்பினால் இருநூற்றைம்பது துண்டுகள், நூறு எம்.பி.க்கு மேல். முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் இரவில் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் டெக்னீஷியன்கள் தடித்த துண்டுகளை முதலில் அனுப்பிவிடுவார்கள். மெல்லியவை பின்னால் போய்ச் சேரும். உங்கள் முதல் ரிப்போர்ட்டின் அடியில் ‘5 மி.மீ. படங்களைப் பார்த்தது, மெல்லிய படங்கள் வரவேண்டியிருக்கிறது’ என்று ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? இறுதி ரிப்போர்ட் மெல்லிய துண்டுகளை அடுக்கி, தலையை முன்னிருந்து பார்ப்பதுபோல மாற்றியமைத்த படங்களில் எழுதப்பட்டது. 3 மி.மீ. கசிவு, எலும்பை ஒட்டி, உச்சிக்குப் பக்கத்தில். தடித்த துண்டில் எலும்பின் வெள்ளையோடு கலந்துபோகும் இடம் அது. பெரிய மானிட்டரில் அதே தடித்த படங்களைப் பார்த்திருந்தாலும் தப்பியிருக்கக்கூடும்.

தப்பியது தப்பியதுதான், அதை நான் மழுப்பவில்லை. ஆனால் இரவு ரிப்போர்ட்டின் வேலை என்ன என்று பாருங்கள். ரத்தம் இருக்கிறதா, மூளையை அழுத்துகிறதா, இப்போதே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? இந்த மூன்றுக்கும் அது சரியான பதில் சொன்னது. மிச்சத்தைக் காலையில் மானிட்டரில் மறுபடி பார்த்து எழுத வேண்டும். உங்கள் சென்டர் எழுதியிருக்கிறது, அதுவும் முதல் ரிப்போர்ட்டில் விட்டதை மறைக்காமல் எழுதியிருக்கிறது. எனக்கு மரியாதை வந்தது அதைப் படித்தபோதுதான். இரவில் ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளும் இடம் என்றால் கவலைப்படுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: இறுதி ரிப்போர்ட் கைக்கு வந்த அன்றே, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அதைச் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் அது பீரோவில் போய்ப் படுத்துக்கொள்கிறது.

உங்கள் ஊர் டாக்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ரிப்போர்ட்டின் மேலே, அவர் சீட்டில் எழுதியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்: ‘மூன்று வாரம் முன் கீழே விழுந்தவர், ஸ்டென்ட் உண்டு, குளோபிடோக்ரல் சாப்பிடுகிறார், இடது கால் பலவீனம்.’ ஒரே வரி. குளோபிடோக்ரல் என்பது நீங்கள் சொன்ன, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரைதான். தூரத்தில் இருக்கும் எங்களுக்கு நோயாளியின் முகம் தெரியாது, நடையைப் பார்க்க முடியாது, கூட வந்தவரிடம் கேட்கவும் முடியாது. சீட்டில் இருப்பதுதான் எங்களுக்கு நோயாளி. ‘மூன்று வாரம்’ என்று படித்ததால்தான் அந்த டாக்டர் வெள்ளையான ரத்தத்தைத் தேடாமல் மூளையின் நிறத்திலேயே இருக்கும் ரத்தத்தைத் தேடியிருப்பார். ‘இடது கால்’ என்று இருந்ததால் வலது பக்கத்தை இரண்டு தரம் பார்த்திருப்பார். எனக்கு வரும் சீட்டுகளில் எத்தனையோ ‘தலைவலி’ என்ற ஒற்றைச் சொல்லோடு வருகின்றன. மனம் வலிக்கிறது எனக்கு. எப்போது விழுந்தார், என்ன மாத்திரை, எந்தக் கை, எந்தக் கால், முன்பு ஸ்கேன் எடுத்ததுண்டா என்பதை சீட்டில் இல்லாவிட்டால் நீங்களே டெக்னீஷியனிடம் சொல்லி எழுத வையுங்கள். கேட்க வேண்டியதைவிட இந்தச் சொல்ல வேண்டியது முக்கியம்.

கேட்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. இது முதல்கட்ட ரிப்போர்ட்டா, இறுதியா என்று கேளுங்கள். முதல்கட்டம் என்றால் இறுதி எப்போது வரும், யார் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் டாக்டரின் பெயரும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட டெலிமெடிசின் நெறிமுறைகளின்படி, தூரத்திலிருந்து பார்க்கும் டாக்டருக்கும் நேரில் பார்க்கும் டாக்டருக்கு உள்ள அதே தொழில் ஒழுக்கம் பொருந்தும். பெயர் போடாத ரிப்போர்ட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால், ரேடியாலஜிஸ்ட் உங்கள் டாக்டரோடு போனில் பேசினாரா என்றும் கேளுங்கள். காகிதம் மட்டும் போதாது.

அப்புறம், சென்டரை விட்டுக் கிளம்பும்போது மூலப்படம் பதிந்த டிஸ்க்கோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள். தஞ்சாவூரில் ஏன் மறுபடி எடுத்தார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கும். ஆபரேஷனுக்கு முன் ரத்தம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது நியாயமான காரணம், அதில் குறை இல்லை. ஒரு தலை சி.டி.யில் உடம்பு வாங்கும் கதிர்வீச்சு சுமார் 2 மில்லிசீவர்ட், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நாம் வருடத்துக்கு வாங்குவது சராசரியாக 2.4. அப்பாவின் வயதுக்கு அதை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆனால் ஃபிலிம் மட்டும் கொண்டுபோய், ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் மறுபடி எடுப்பது வீண்செலவு.

டிஸ்க் வேண்டும் என்பதற்கு நம் பக்கத்துக் காரணம் இன்னொன்றும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை கரண்ட்டும் டவரும் இல்லாமல் எத்தனை நாள் கிடந்தோம் என்பது நமக்கு மறக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சாதாரண மழைக்கே லைன் போகிறது. லைன் இல்லாவிட்டால் எவ்வளவு உயர்ந்த டேப்பும் வெறும் கண்ணாடி. அப்படிப்பட்ட இரவில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, முடிந்தால் 108இல், கிளம்பிவிட வேண்டியதுதான். தஞ்சாவூர் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்க நேரும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் அப்பாவின் ஃபிலிம் போட்டோ எத்தனை குரூப்புகளில் சுற்றியிருக்கிறது என்று பாருங்கள். அதன் மூலையில் அவர் பெயர், வயது, தேதி எல்லாம் அச்சாகியிருக்கின்றன. முடிந்தவரை அழிக்கச் சொல்லுங்கள். சென்டரிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்: டாக்டர் பார்ப்பது கடவுச்சொல் போட்ட செயலியிலா, அல்லது வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்களா? வாட்ஸ்அப் என்றால், மேலே சொன்ன எல்லாக் காரணங்களுக்காகவும் வேறு சென்டர் பாருங்கள்.

இப்போதைக்குக் கவனிக்க வேண்டியது அப்பாவைத்தான். வடித்தெடுத்த பிறகும் இந்த வகை ரத்தம் சிலருக்குச் சில வாரங்களில் திரும்பத் தேங்குவதுண்டு, அதிலும் இடது பக்கம் ஏற்கெனவே மெல்லிய கசிவு இருக்கிறது. தலைவலி திரும்பினாலோ, பகலில் அளவுக்கு மீறித் தூங்கினாலோ, நடை தடுமாறினாலோ, மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். அந்தத் தேதிக்குப் போகும்போது இரண்டு ஸ்கேன்களின் டிஸ்க்கும் இறுதி ரிப்போர்ட்டும் பையில் இருக்கட்டும். குளோபிடோக்ரலை மறுபடி எப்போது தொடங்குவது என்பதை, ஸ்டென்ட் வைத்த டாக்டரும் தலைக்கு ஆபரேஷன் செய்த டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசி முடிவு செய்ய வேண்டும். இருவருடைய போன் நம்பரையும் இருவருக்கும் நீங்களே கொடுத்துவிடுங்கள். அதுவரை அந்த மாத்திரையை வீட்டில் யாரும் தாங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.